மை ஓடும் பாதையைத் திருத்திய கணபதிப் பட்டறை: ஒன்பது மாத அனுபவம்

திருப்பூர் மங்கலம் சாலையில் நாங்கள் நடத்திவரும் டிஜிட்டல் துணி அச்சுக்கூடத்தின் எட்டு ஹெட் (துணியில் மைத்துளிகளைத் தெளிக்கும் அச்சுத்தலை) இயந்திரத்துக்கு, கோவை கணபதியில் உள்ள ஒரு சிறு பட்டறை புதிதாக வடிவமைத்துப் பொருத்தித் தந்த மை விநியோக அமைப்பைப் பற்றிய மதிப்புரை இது. சென்ற ஆவணியில் பொருத்தினார்கள். இப்போது வைகாசி நடக்கிறது. ஐப்பசி மழையின் ஈரப்பதம், சித்திரை வெயில், மின்வெட்டு, தொடர்ச்சியான இரவு ஷிப்டு எல்லாவற்றையும் அது கடந்துவிட்டதால் இனி எழுதலாம் என்று தோன்றியது. இதற்காக அவர்கள் எனக்கு எந்தச் சலுகையும் தரவில்லை, ஜி.எஸ்.டி. நீங்கலாக 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் முழுமையாகக் கொடுத்தே வாங்கினேன்.

எங்கள் இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பருத்திப் பின்னல் துணியில், இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும் சாயமுள்ள ரியாக்டிவ் மை கொண்டு அச்சிடுகிறோம். நான்கு நிறங்கள், நிறத்துக்கு இரண்டு ஹெட், ஒவ்வொரு ஹெட்டிலும் 1,280 நாசில்கள், அதாவது மை வெளியேறும் நுண்துளைகள். பூ வேலை, சிறு கோடு, குழந்தை ஆடைப் படங்கள் ஆகியவற்றில் எந்தக் குறையும் இருந்ததில்லை. கருப்பும் கருநீலமும் அடர்ந்து நிரம்பிய டிசைன் வந்தால் மட்டும், இரண்டாம் மீட்டரிலிருந்து வெள்ளைக் கோடு விழத் தொடங்கும். நிறுத்தி, பர்ஜ் செய்து (மையைத் தள்ளி வெளியேற்றி நாசில்களைச் சுத்தம் செய்து), நாசில் செக் என்னும் சோதனை அச்சு எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும்; அரை மணி நேரத்தில் மீண்டும் கோடு விழும். இயந்திரத்தை விற்றவர்கள் ஹெட் தேய்ந்துவிட்டது என்றார்கள். அதை நம்பி இரண்டு கருப்பு ஹெட்டுகளை மாற்றினேன். புது ஹெட்டிலும் அதே வாரத்தில் அதே கோடு அதே இடத்தில் விழுந்தபோதுதான், குறை ஹெட்டில் இல்லை, அதற்கு மை வந்து சேரும் வழியில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. இந்தத் தொழிலில் இருக்கும் பலர் இன்னமும் ஹெட்டையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பட்டறையை நடத்தும் இளைஞர் முதல் நாள் வந்தபோது விலைப்பட்டியல் எதையும் கொண்டுவரவில்லை. ஓர் அழுத்த உணரியும், பாதி தண்ணீர் நிரப்பிய யு வடிவ டியூபும் கொண்டுவந்தார். கருப்பு ஹெட்டின் வாயருகே மூன்று வாய்கள் உள்ள ஒரு டீ இணைப்பைப் போட்டு, இயந்திரத்தில் முழுக் கருப்பை ஓட்டச் சொன்னார். ஹெட் சும்மா இருக்கும்போது வளிமண்டல அழுத்தத்தைவிட 25 மில்லிபார் குறைவாக இருந்த அளவு, அச்சு தொடங்கியதும் 44 மில்லிபார் குறைவுக்கு இறங்கியது. தண்ணீர்மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தபோது, ஒன்றரை ஆண்டாக நான் தேடிய காரணம் அங்கே நின்றது.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். நாசிலின் நுனியில் மை வெளியே சொட்டாமலும் உள்ளே இழுபடாமலும் ஒரு பிறைத்தளமாக நிற்க வேண்டும். அதற்காகவே மைக்குச் சிறிது எதிர் அழுத்தம் (வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம்) கொடுத்துப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறோம். இழுப்பு குறைந்தால் ஹெட்டின் அடித்தகடு நனைந்து துளிகள் கோணலாகப் போகும். அதிகமானால் பிறைத்தளம் உடைந்து காற்று உள்ளே புகும். நாசிலின் விட்டம் 20 மைக்ரான், மையின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் என்று வைத்துக்கொண்டால், பிறைத்தளம் தாங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 60 மில்லிபார். மை அமைதியாக நிற்கும்போதுதான் அந்த எல்லை பொருந்தும். துளி வெடித்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் பிறைத்தளம் ஆடுவதால், நடைமுறையில் அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது. 44 என்பது அந்த விளிம்பு.

அந்த 19 மில்லிபார் எங்கே போனது? பழைய அமைப்பில் சப் டேங்க் என்னும் சிறு மைத்தொட்டியிலிருந்து ஒவ்வொரு ஹெட்டுக்கும் 60 செ.மீ. நீளமுள்ள, 2 மி.மீ. உள்விட்டம் கொண்ட டியூப் ஓடியது. 1,280 நாசில்களும் விநாடிக்கு 30,000 முறை, துளிக்கு 7 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) வீதம் வெளியேற்றினால், ஒரு ஹெட்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 மி.லி. மை வேண்டும். தண்ணீரைப் போல் ஐந்து மடங்கு பாகுநிலை (ஓட்டத்துக்குக் காட்டும் தடை) உள்ள எங்கள் மை அந்த டியூபில் அந்த வேகத்தில் ஓடும்போது ஏற்படும் அழுத்த இழப்பு சுமார் 20 மில்லிபார் என்று அவர் எங்கள் டீ மேசையிலேயே ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். டியூபின் உள்விட்டத்தை இரட்டித்தால் இழப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறையும், 4 மி.மீ. டியூபில் அது ஒன்றேகால் மில்லிபார்தான். ஜப்பானின் கியோசெரா நிறுவனத்து கேஜே4பி போல 2,656 நாசில்கள் உள்ள ஹெட்டாக இருந்தால், மைத் தேவை எவ்வளவு உயரும் என்பதைப் படிப்பவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பூ வேலையில் கோடு விழாததும் அடர்கருப்பில் விழுந்ததும் ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்கு இதுவரை யாரும் தந்ததில்லை.

டியூபை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமே என்று நான் கேட்டேன். அதை மட்டும் செய்து தரவும் அவர் தயாராக இருந்தார். செலவு சில ஆயிரங்கள்தான் ஆகியிருக்கும். ஆனால் காற்றுக் குமிழி, மின்வெட்டு, கோடைக்கால வெப்பம் ஆகிய மூன்றும் அப்படியே நிற்கும் என்றும் சொன்னார். தனக்கு வரும் வேலையைப் பெரிதாக்கிக் காட்டாமல், சிறிய தீர்வையும் அதன் எல்லையையும் முதலில் சொன்ன அந்த நேர்மையே என்னை முழு அமைப்புக்கும் ஒப்புக்கொள்ள வைத்தது.

புதிய அமைப்பு சுழற்சி முறையில் இயங்குகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும், ஹெட்டுகளைச் சுமந்து துணியின் குறுக்கே ஓடும் கேரேஜின் மேல் இரண்டு சிறு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகள் இருக்கின்றன; ஒன்று ஹெட்டுக்கு மை தருவது, மற்றொன்று ஹெட்டிலிருந்து மை திரும்பி வருவது. தொட்டியின் உயரத்தால் வரும் அழுத்தத்தைக் கழித்து நாசில் மட்டத்துக்குக் கணக்கிட்டால், முதல் தொட்டியில் 5 மில்லிபார் எதிர் அழுத்தமும் இரண்டாவதில் 45 மில்லிபார் எதிர் அழுத்தமும் வைத்திருக்கிறார்கள். இந்த 40 மில்லிபார் வேறுபாடு மையை ஹெட்டின் வழியாக ஓட்டுகிறது; இரு பக்கத்துத் தடையும் சமமாக இருப்பதால் பிறைத்தளத்தில் இரண்டின் சராசரியான 25 மில்லிபார் நிற்கிறது. திரும்பி வந்த மையை ஒரு டயஃப்ரம் பம்ப் மீண்டும் முதல் தொட்டிக்கு ஏற்றுகிறது. பம்பின் துடிப்பு ஹெட்டைத் தொடக்கூடாது என்பதற்காகத் தொட்டியின் மேற்பகுதியில் காற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எங்கள் ஹெட்டில் இந்தச் சுழற்சி உள்வாய்க்கால் வரைதான் நடக்கிறது. நாசிலின் பின்புறத்தைத் தொட்டபடியே மை ஓடும் ஹெட்டுகளும் உண்டு. பிரிட்டனின் ஸார் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த 1001 என்னும் ஹெட் அந்த வகை. எங்கள் ஹெட்டில் அந்த வசதி இல்லை என்பதையும், ஆகவே மூடி வைக்காமல் நீண்ட நேரம் சும்மா விட்டால் நாசில் காயத்தான் செய்யும் என்பதையும் பட்டறைக்காரர் முன்பே சொல்லிவிட்டார்.

தொட்டிகளை ஹெட்டுக்கு நேர் மேலே, செங்குத்தான குட்டை டியூபுடன் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பழைய இயந்திரத்தில் டியூப் கேரேஜ் ஓடும் திசையிலேயே 30 செ.மீ. படுத்துக் கிடந்தது. கேரேஜ் திரும்பும் இடத்தில் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் என்ற அளவில் வேகம் மாறினால், அந்தப் படுகிடை மைத்தண்டு மட்டுமே 15 மில்லிபார் அதிர்ச்சியைத் தரும். பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்வது போல, மையும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹெட்டுக்குள் சாய்ந்திருக்கிறது. துணியின் இரு ஓரங்களிலும் நிறம் சற்று வேறுபட்டதற்கு அச்சுக்கு முன் துணிக்குச் செய்யும் பதப்படுத்தலை நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வேறுபாடு இப்போது இல்லை. பதப்படுத்தித் தந்தவரிடம் நேரில் போய் அதைச் சொல்லிவிட்டும் வந்தேன்.

காற்று நீக்கும் பகுதியைப் பற்றியும் எழுத வேண்டும். மையில் கரைந்திருக்கும் காற்று கண்ணுக்குத் தெரியாது. ஹெட்டுக்குள், மின்சாரம் தரும்போது வடிவம் மாறும் பீசோ தகடு விநாடிக்குப் பல ஆயிரம் முறை அழுத்தியும் இழுத்தும் வேலை செய்யும்போது, இழுக்கும் ஒவ்வொரு கணத்திலும் அந்தக் காற்று சிறிது சிறிதாக வெளியேறி ஒரு குமிழியாகத் திரளும். குமிழி அமுங்கி விரிவதிலேயே தகட்டின் உந்துதல் வீணாகிவிடுவதால் அந்த நாசில் ஊமையாகிவிடும். அரை மணி நேரத்தில் எங்களுக்குக் கோடு திரும்பி வந்ததன் மறுபாதிக் காரணம் இது. முடிபோல் மெல்லிய, உள்ளே துளையுள்ள இழைகள் ஆயிரக்கணக்கில் அடைந்த ஓர் உருளை வழியாக இப்போது மை ஓடுகிறது. இழைச்சுவரின் மறுபக்கத்தில் வெற்றிடம் உண்டாக்கும் வேக்கம் பம்ப் இழுக்க, காற்று சுவரைக் கடந்து போய்விடுகிறது, மை கடப்பதில்லை. அதன் முன்னால் 5 மைக்ரான் ஃபில்டர் ஒன்றும், அதன் இரு பக்கமும் அழுத்த அளவியும் இருக்கின்றன. நாள் கணக்கு வைத்து ஃபில்டரை மாற்றிய பழக்கம் போய், இரு அளவுகளுக்கிடையே வேறுபாடு கூடும்போது மாற்றுகிறோம்.

வெப்பத்தைப் பற்றி அவர் முதல் நாளிலேயே கேட்ட கேள்வி நினைவில் இருக்கிறது. "ஏனுங்கண்ணா, சித்திரையில மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்தக் கூடத்துல எத்தனை டிகிரி வருமுங்க?" என்றார். 38 வரை போகும் என்றேன். மையின் பாகுநிலை வெப்பத்தோடு மாறுவதால் அதை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். இயந்திரத்தில் மையை 32 டிகிரியில் வைக்க ஹீட்டர் இருந்தது. ஹீட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. கூடமே 38 டிகிரியில் இருக்கும்போது 32 என்று திரையில் எழுதி வைப்பதில் பொருளே இல்லை. ரியாக்டிவ் சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து வீரியம் இழக்கக்கூடியது என்பதால், வெப்பநிலையை 40-க்கு மேல் ஏற்றி வைத்துத் தப்பிப்பதும் சரியான வழியாகாது. கேரேஜ் பகுதியைச் சுற்றி ஒரு தடுப்பறை கட்டி ஏ.சி. போடச் சொன்னார். அது அவர் விற்கும் பொருள் அல்ல. அந்தச் செலவு தனியாக ஆனது. ஆனால் இந்தச் சித்திரையில்தான் முதல் முறையாகக் காலை அச்சும் மாலை அச்சும் ஒரே நிறத்தில் வந்தன.

மின்வெட்டுக்கு அவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு, இந்தப் பகுதியின் நிலையை அறிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடியது. எதிர் அழுத்தத்தைத் தருவது வேக்கம் பம்ப். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், சிறு கசிவுகள் வழியாக வேக்கம் இறங்கும், சில நிமிடங்களில் எட்டு ஹெட்டுகளிலிருந்தும் மை துணியின் மேல் ஒழுகும். எங்களுக்கு அப்படி நேர்ந்து ஒரு முழு ரோல் வீணானதும், ஏற்றுமதி ஆர்டர் ஒன்று இரண்டு நாள் தள்ளிப்போனதும் நடந்திருக்கிறது. புதிய அமைப்பில் 5 லிட்டர் வேக்கம் சேமிப்புத் தொட்டியும், கரண்ட் போன கணமே தானாக மூடிக்கொள்ளும் வால்வுகளும், கன்ட்ரோலருக்கு மட்டும் ஒரு சிறு யு.பி.எஸ்-உம் இருக்கின்றன. ஒப்படைக்கும் நாளில் மெயின் சுவிட்சை நானே அணைத்தேன். 40 நிமிடம் வரை ஒரு சொட்டும் விழவில்லை. அதற்கு மேல் காத்திருக்க எனக்குத்தான் பொறுமை இல்லை. இந்த ஒன்பது மாதத்தில் எத்தனையோ முறை கரண்ட் போயிருக்கிறது. ஒரு முறையும் துணியில் மை ஒழுகியதில்லை.

பொருள் தேர்விலும் குறை காணவில்லை. பழைய அமைப்பில் நிக்கல் பூசிய பித்தளை இணைப்புகள் இருந்தன. கழற்றியபோது உள்ளே பச்சை படிந்திருந்தது. இப்போது மை தொடும் இடமெல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும், மைக்கு ஒத்துவரும் பிளாஸ்டிக்கும், ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் வளையங்களும்தான். இதே தொகுப்பை, புற ஊதா ஒளி பட்டு இறுகும் யு.வி. மைக்கு வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் பேசிவிட்டு வாங்க வேண்டும். அந்த மை ஈ.பி.டி.எம். ரப்பரை ஊதச் செய்யும். வெளிச்சம் படாத கருப்பு டியூபும் அதற்கு வேண்டும். அதிலுள்ள காற்றை முழுவதுமாக நீக்கினாலும் ஆபத்துதான். மை தானாக இறுகாமல் காப்பதற்குக் கரைந்த ஆக்சிஜன் சிறிதளவு தேவைப்படுகிறது.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஷிப்டு நோட்டிலிருந்து சொல்கிறேன். முன்பு நாளொன்றுக்குப் பர்ஜுக்காக மட்டும் 350 மி.லி. அளவுக்கு மை போனது. இப்போது 90 மி.லி. போகிறது. எட்டு மணி நேரம் முழுக் கருப்பை ஓட்டிய பிறகு எடுத்த நாசில் செக்கில் இரண்டு ஹெட்டிலும் சேர்த்து மூன்று நாசில்கள் விடுபட்டிருந்தன. முன்பு அந்த ஓட்டத்தை முடிக்கவே முடிந்ததில்லை. பர்ஜ் செய்த மையும் சாயக்கழிவுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது இந்த ஊர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். சாயக்கழிவு கலந்த நொய்யலாறு வந்து சேர்ந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரின் நிறத்தையும் பார்த்திருக்கிறேன். நாளுக்குக் கால் லிட்டர் சாயம் கழிவுத்தொட்டிக்குப் போகாமல் நிற்பதை ரூபாய்க் கணக்கோடு மட்டும் நிறுத்திக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

இனிக் குறைகள். ஒப்புக்கொண்ட நாளுக்கு ஐந்து வாரம் தாமதமாகத்தான் பொருத்தினார்கள். காற்று நீக்கும் உருளை வந்து சேரவில்லை என்பது காரணம். தாமதத்தை நான் கேட்ட பிறகே சொன்னார்கள்; அவர்களாகச் சொல்லியிருக்க வேண்டும். டயஃப்ரம் பம்புகளின் ஓசை இரவில் எரிச்சலூட்டுகிறது. அடியில் ரப்பர் வைத்தும் முழுமையாகக் குறையவில்லை. நான்காம் மாதத்தில் கருப்பு நிறத்தின் அழுத்த உணரி 3 மில்லிபார் தவறாகக் காட்டத் தொடங்கியது. திரையில் எல்லாம் சரியாகத் தெரிய, அடித்தகடு மட்டும் நனைந்தது. அழைத்த மறுநாளே வந்து சரிசெய்து, மாதம் ஒரு முறை தண்ணீர் டியூபை மாட்டி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வால்வும் வைத்துத் தந்தார்கள். ஒரு செ.மீ. தண்ணீர் உயரம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிபார் என்பதால், எங்கள் ஆபரேட்டர் தம்பியே ஒரு அடிக்கோலை வைத்து அதைச் சோதித்துவிடுகிறார். அந்த வால்வு தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை இரண்டு. முழுமையான வரைபடத்தைத் தரவில்லை. எந்த டியூப் எந்த அளவு, எந்த வளையம் எந்த ரகம் என்பதை நான் ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கன்ட்ரோலரின் கடவுச்சொல்லையும் தர மறுக்கிறார்கள். தங்கள் உழைப்பை வேறொருவர் நகல் எடுத்துவிடுவார் என்ற அவர்களின் அச்சம் புரிகிறது. ஆனாலும் நாளைக்கு அந்தப் பட்டறை இடம் மாறினாலோ மூடப்பட்டாலோ, எட்டு ஹெட்டுகளை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் நிற்பேன்? வாங்குபவர்கள் இவ்விரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். அவர்களிடம் போகும்போது உங்கள் ஹெட்டின் விவரத்தாள், மை தயாரிப்பாளர் தரும் பாகுநிலை வெப்பநிலை அட்டவணை, உங்கள் கூடத்தின் கோடைக்கால வெப்பநிலை ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இவை இல்லாமல் அவர்கள் விலை சொல்வதில்லை, அது சரியும்கூட.

அடுத்ததாக, படலத்தில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் எங்கள் டி.டி.எஃப். இயந்திரத்தின் வெள்ளை மைக்கும் இதுபோல் ஒன்று செய்து தரும்படி கேட்டிருக்கிறேன். வெள்ளை நிறத்தைத் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி உடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவைத்தாலே டியூபின் அடியில் சுண்ணாம்பு போல் படிந்துவிடுகிறது. முடியும் என்று உடனே சொல்லிப் பணம் வாங்கிக்கொள்ளாமல், எந்த வேகத்தில் ஓட்டினால் படியாது என்பதைப் பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம் என்றார்கள். போன வாரம் இரண்டு லிட்டர் வெள்ளை மையைக் கணபதியில் கொடுத்துவிட்டு வந்தேன். கண்ணாடி டியூப் ஒன்றில் அதை இரவும் பகலும் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.